ஐஸ் வைக்காத பை

இல்லக்கா, மேல வாணாம். மடியிலயே கெடக்கட்டும். பாரம்லாம் ஒண்ணும் இல்ல, உள்ள சோத்து டப்பா கூட கெடையாது. எம்பொண்ணு ஸ்கூலுக்கு எடுத்துனு போற பை இது, பூனை படம் போட்டுது, பாருங்க. நீங்க தாராளமா குந்துங்க, நான் நகந்துக்கறேன். சன்னலோரம் வாணாங்கா, நீங்களே வச்சிக்கங்க. அங்க வெயிலு வருது. எனக்கு இன்னா, நான் ஏற்கெனவே கருத்தவ, இனிமே புதுசா இன்னா கருக்கப் போறேன். இந்தப் பைக்கு தான் வெயிலு ஆவாது.

நீங்க பொன்னேரியா? ஏறும்போதே பாத்தேன், மூச்சு வாங்குனீங்க. இந்த வண்டிக்கு படி ஒசரம். நான் கும்மிடிப்பூண்டியிலயே ஏறிட்டேன். சென்ட்ரல் வரைக்கும் போறேன்.

ஐயோ, குண்டுலாம் இல்லக்கா! சிரிக்க வைக்காதீங்க. அதோ அந்தப் பக்கம் காலேஜ் பொண்ணு ஒண்ணு குந்தினு கீதே, அதுவும் அப்பலேர்ந்து என்னிய ஒரு மாதிரியா தான் பாக்குது. புள்ளைய புடிச்சினு குந்தற மாதிரி பையப் புடிச்சினு குந்தினு கீறேன் இல்ல, அதான். உள்ள ஒரு ட்யூபு கீது. சுண்டுவெரல் நீட்டு தான். ஊதா மூடி போட்டுது. எங்கூட்டுக்காரரு எலும்புலேர்ந்து எடுத்தது.

ரத்தம் இல்ல. பாக்கறதுக்கு ரத்தம் மாதிரி தான் கீது. மஜ்ஜை. நல்லி எலும்பு வாங்குனா தட்டி தட்டி உறிஞ்சுவோமே, அது. நமக்கும் உள்ள அது கீதாம், எனக்கே இப்ப தான் தெரியும். இடுப்புக்குப் பின்னாடி, பெல்ட்டு குந்துற எடம் கீதில்ல, அங்க ஊசியப் போட்டு திருவி எடுக்கறாங்க. சாக்கு தெக்கற கோணூசி தெரியுமா? அத்தவிட தடி. மரத்துப் போறதுக்கு ஊசி போட்டுட்டு தான் பண்றாங்க. ஆனா உள்ளேர்ந்து உறிஞ்சும் போது உசுரே கால் வழியா எறங்கற மாதிரி கீதாம். அவரு தான் சொன்னாரு. எறாவ உரிக்கற மாதிரி உரிக்கறாங்கடி ஜெனின்னு. வலியில கூட அந்தாளுக்கு எறா தான் ஞாபகம்.

நான் தான் ஜெனி. ஜெனிபர். அவரு சாம்சன்.

போனா? என்னுது தான். அடிக்கட்டும் உடுங்க. எங்க கொழுந்தன் ஸ்டீவன். எங்க கீற, எங்க கீறன்னு கேப்பான். டிரெயின்ல கீறேன்னு ஒரு தடவ சொல்லியாச்சி. இத்த சைலன்ட்ல போடலாம்னு பாத்தா அந்த பட்டனு ஒடைஞ்சி கெடக்குது, எம்பொண்ணு பண்ண வேல. ஓயட்டும், அதுவே ஓஞ்சிடும்.

இன்னா கேட்டீங்க? ஆங், எப்பிடி ஆரம்பிச்சதுன்னு. அத்த இன்னான்னு சொல்றது. பல்லு வெளக்கும் போது ரத்தம் வந்துச்சி. யாருக்கு தான் வரல? பிரஷ்ஷ மாத்துன்னு சொன்னேன், மாத்துனாரு. அப்பால தொடையில, கையில நீலம் நீலமா கட்டிக்கினு இருந்துச்சி. ரோலிங் மில்லுல வேல அவருக்கு, கம்பி உருட்டற எடம், எங்கியாவது இடிச்சிக்கினு இருப்பாருன்னு நெனச்சேன். கூட வேல செய்யறவனுங்க சும்மா இருப்பானுங்களா? இன்னா சாம்சா, ஊட்ல பூசை பலமான்னு கேட்டானுங்களாம். அவரும் ஆமாடா, பூரிக்கட்டைய மாத்தி இரும்புல வாங்கிட்டாள்னு சொல்லிட்டு வந்து என்கிட்டயே சிரிக்கறாரு. நானும் சிரிச்சேன்.

அப்பால ஜொரம். ஜொரம்னா டெங்கு தானே நம்ம பக்கம். ரத்தம் பாத்தாங்க, தட்டணு கொறைஞ்சி கீதுன்னாங்க. அதுவும் டெங்கு மாதிரியே தான். தெருவே சேந்து வைத்தியம் பாத்துச்சி. நெலவேம்பு கஷாயம் ஒருத்தி, பப்பாளி எலை சாறு ஒருத்தி. ஒரு தெருவுல ஒரு மரத்துல எலை உடல நாங்க. அந்தக் கசப்ப கண்ண மூடினு ஒரே மடக்குல குடிச்சிட்டு, இதுக்கு அந்த மில்லு சூடே தேவலன்னாரு. ஜொரம் எறங்கல. மூக்குல ரத்தம் வந்துச்சி பாருங்க, அன்னிக்கு தான் எங்க ஊரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம்.

மெட்ராஸுக்கு ஏன் இட்டுனு வரலன்னு எல்லாரும் கேக்கறாங்க. நீங்களும் கேக்கறீங்க, தப்பில்ல. அங்க பெட்டுக்கு சொல்லி வச்சிருக்காங்க. ஆம்புலன்ஸுல தூக்கிப் போட்டு இந்த ரோட்டுல குலுக்கினு வந்தா வழியிலயே ரத்தம் எறங்கிடும், மொதல்ல ரத்தம், தட்டணு எல்லாம் ஏத்தி நிக்க வைக்கறோம், அதுக்குள்ள இந்த டெஸ்ட்டு வந்துடட்டும்னு டாக்டரம்மா சொல்லிச்சி. சின்னப் பொண்ணு தான், என் வயசு இருக்கும். பொறுமையா சொல்லும். பேப்பர்ல படம் போட்டு காமிச்சிச்சி.

ஆமாங்கா. அது தான். ரத்தப் புத்துநோயி. நீங்க மெதுவா சொல்ல வாணாம், நான் பத்து பேர்கிட்ட சொல்லி சொல்லி எனக்கு நாக்கு பழகிப் போச்சி. ஏ.எம்.எல்.னு ஒண்ணு. அதுவா தான் இருக்கும்னு சந்தேகம். ஆனா பூதக்கண்ணாடியில பாக்கறதுக்கு அதே மாதிரி மூஞ்சி வச்சிக்கினு இன்னொண்ணு கீதாம். ரெட்டப் புள்ளைங்க மாதிரி. இதுக்கு குடுக்கற மருந்து அதுக்கு ஆவாது, அதுக்கு குடுக்கறது இதுக்கு ஆவாது. அந்த இன்னொண்ணுன்னா மருந்து ஒடனே ஆரம்பிச்சா சீக்கிரம் கேக்குமாம், ஏ.எம்.எல்.னா நாளாவுமாம். ஆள மாத்திப் புடிச்சி அடிச்சா இன்னா பிரயோஜனம்? அதுக்கோசரம் தான் இந்த ட்யூபு. இது போய் எது எதுன்னு சொல்லணும், அப்பால தான் மருந்து.

அதுக்கு ஒரு மிஷினு கீதாம். ஃப்ளோன்னு ஆரம்பிச்சி பெரிய பேரு ஒண்ணு சொல்லுவாங்க, எனக்கு ஃப்ளோ ஒண்டி தான் நிக்குது. டாக்டரம்மா சொல்லும் போது கொழுந்தன்லாம் பேந்த பேந்த முழிச்சாங்க. எனக்கு ஒடனே புரிஞ்சிடுச்சி. ஏன்னா என் வேலையே அது தான். சிப்காட்ல கண்ணாடி பாட்டில் கம்பெனியில செக்கிங்ல கீறேன். மருந்து ஊத்தற குட்டி பாட்டில் கீதில்ல, அது பெல்ட்டு மேல ஒண்ணொண்ணா வரிசையா வரும். பின்னாடி வெள்ள லைட்டு. லைட்ட தாண்டும் போது குமிழு கீதா, கீறல் கீதான்னு தெரிஞ்சிடும். நல்லது போவும், கெட்டத தட்டி உடணும். கண்ணு சிமிட்டற நேரம் தான்.

அந்த மிஷினும் அப்பிடி தான். செல்லுங்கள தண்ணியில கலந்து ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓட உடுவாங்களாம். அதுக்கு முன்னாடி கலரு மருந்து போடுவாங்க. ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு வகை செல்லுல தான் போயி ஒட்டும், மத்ததுல ஒட்டாது. அப்பால லைட்ட தாண்டும் போது ஒட்டுன கலரு மின்னும். கம்ப்யூட்டரு புள்ளி புள்ளியா வச்சிக்கினே போவும். கடைசியில பாத்தா கோலப்பொடி கொட்டுன மாதிரி இங்க ஒரு கும்பலு, அங்க ஒரு கும்பலு. எந்த கும்பலு எங்க குந்தினு கீதுன்னு பாத்து, இது தான் ஆளுன்னு சொல்லிடுவாங்க. நான் எங்க பாட்டில் மாதிரி தானே மேடம்னேன். ஆமா ஜெனிபர், கரெக்டுன்னு சொல்லிச்சி. அவரு பெட்ல படுத்துக்கினே, பாத்துக்கங்கடா, எம்பொண்டாட்டி டாக்டருன்னாரு.

இன்னிக்கு காலையில ட்யூப என் கையில குடுத்தாங்க இல்ல, பழக்க தோஷம், டக்குனு தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சி பாத்துட்டேன். நர்ஸம்மா சிரிச்சிடுச்சி. இன்னா, பாஸா ரிஜெக்டான்னு கேக்குது.

மீஞ்சூரா வந்துடுச்சி? சீக்கிரம் தான்.

வாணாங்கா. நீங்க துன்னுங்க. நல்லா தான் கீது வாசன. காலையில நாஷ்டா துன்னேன், அதுவே இங்கியே நிக்குது, நெஞ்சுல. அப்பால வேணும்னா கேட்டு வாங்கிக்கறேன், வெக்கப்பட மாட்டேன்.

ஐஸா? ஐஸ் பத்தி கேட்டுட்டீங்களா. எல்லாரும் கேக்கறாங்க இத்த. இவ்ளோ வெயில்ல ஐஸ் இல்லாம எடுத்துனு போறியே, கெட்டுப் போவாதான்னு. அது ஒரு கதைக்கா.

இந்த ட்யூபு ரெண்டாவது. மொதல்ல ஒண்ணு எடுத்தாங்க, முந்தா நேத்து. அத்த ஸ்டீவன் எடுத்துனு வந்தான். இப்ப எங்க மாமியாரப் பத்தி சொல்லணும் உங்களுக்கு. ரோசம்மா. எங்க பக்கம் எறா ரோசம்மான்னா தெரியாதவங்க கெடையாது. விடியறதுக்குள்ள பழவேற்காட்டுக்குப் போயி எறா எடுத்துனு வந்து ஊரு ஊரா விக்கறவங்க. பெரிய எறா, சின்ன எறா, எதுவா இருந்தாலும் மத்தியானம் வரைக்கும் அவங்க கூடையில ஒரு எறா வாசன மாறாது. ஐஸ அடுக்கறதுல அப்பிடி ஒரு கைப்பாங்கு. கீழ ஐஸு, மேல எறா, திரும்ப ஐஸு, அதுக்கு மேல ஈரச் சாக்கு.

அவங்களுக்கு இந்த ஒலகத்துல கெட்டுப் போறது, கெட்டுப் போவாததுன்னு ரெண்டு தான். கெட்டுப் போறதுன்னா ஐஸு. அவ்ளோ தான்.

ஆஸ்பத்திரியில சும்மா துணியில சுத்தி குடுத்தாங்க ட்யூப. அத்தை உடுவாங்களா? இன்னாடா இது, எம்புள்ள ஒடம்புலேர்ந்து எடுத்தத இப்பிடி மொட்ட வெயில்ல எடுத்துனு போனா நாறிப் போவாதான்னு. ஸ்டீவன் பஸ் ஸ்டாண்டுக்கு போறதுக்குள்ள பின்னாடியே ஓடி, கூடையில இருந்த ஐஸ ஒடைச்சி, ஒரு கவர்ல போட்டு, ட்யூப நடுவுல சொருவி, மேல உப்பு தூவி இறுக்கி கட்டிக் குடுத்துட்டாங்க. உப்பு போட்டா ஐஸு இன்னும் சில்லுனு ஆவும். எறாவ பழவேற்காட்டுலேர்ந்து கெடாம எடுத்தாறேன், எம்புள்ள ரத்தத்த கெட உடுவேனான்னு சொல்லி குடுத்தாங்களாம். அவனும் ஆத்தா சொல்லு தட்டாத புள்ள, அப்பிடியே எடுத்துனு போயிட்டான்.

லேபுல அந்த அண்ணன் கவர பிரிச்சாராம். ட்யூப எடுத்து சாய்ச்சாராம், ஓடல. கல்லு மாதிரி நிக்குது. தல மேல கைய வச்சிக்கினாராம். தம்பி, இது ஐஸுல வைக்கக் கூடாதுப்பா, செல்லு எல்லாம் வெடிச்சி செத்துப் போச்சி, செத்த செல்லு மிஷினுக்கு ஆவாது, உயிரோட வரணும், புதுசா எடுத்துனு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

தப்பு யாரு மேலன்னு சொல்றது? வைக்காதன்னு யாரும் சொல்லல. வையின்னும் யாரும் சொல்லல. பெத்தவ வச்சா.

ரெண்டாவது ஊசிக்கு நேத்திக்கு தட்டணு ரொம்ப கொறைச்சலா இருந்துச்சி, அத்த ஏத்திட்டு தான் தொடுவோம்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு காலையில தான் எடுத்தாங்க.

இல்லக்கா, அத்தைக்குத் தெரியாது. சொல்லல. லேபுல மிஷினு ரிப்பேரு, அதுக்கோசரம் தான் புதுசா எடுக்கணும்னு சொன்னோம். நான் தான் ஸ்டீவன்கிட்ட சொல்லி வச்சேன். வாயத் தொறந்த, உனக்கு எங்கூட்ல சோறு கெடையாதுன்னு. அவன் பாவம், மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். அத்தை பக்கம் திரும்பவே மாட்டான். அத்தையும் இன்னா மிஷினு வச்சிக்கினு கீறாங்க, ஒழுங்கா பாத்துக்க துப்பில்லன்னு அந்த லேபையே திட்டி தீத்துட்டாங்க. கண்ணால பாக்காத மிஷின அப்பிடி ஒரு ஏசு ஏசுனாங்க. அவருக்கு மட்டும் தெரியும். நான் சொல்லிட்டேன். கேட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாரு. அப்பால, அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது ஜெனி, அத்த பாத்துக்கன்னாரு. அவரு என்கிட்ட கேட்டது அது ஒண்ணு தான்.

அடிக்குது பாருங்க திரும்ப. உடுங்கக்கா. இல்ல, நீங்க எடுக்க வாணாம். வாணாம். குடுங்க இப்பிடி.

ம்.

இன்னிக்கு காலையில கேளுங்க கூத்த. ட்யூபோட வெளிய வரேன், ஆஸ்பத்திரி கேட்டாண்ட அத்தை நிக்கறாங்க. கையில கவரு. புல்லா ஐஸு. எனக்குன்னு விடியக்காலம் பொறுக்கி எடுத்துனு வந்தாங்களாம், சில்லு சில்லா இல்லாம நல்லா கட்டியா. இன்னிக்கு எறா எடுக்கப் போவல அவங்க, ஐஸ் ஒண்டி எடுத்துனு வந்து கீறாங்க. அத்த வாங்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஏன்னு கேப்பாங்க. வாங்கிக்கினேன். சரிங்கத்த, நல்லா வச்சி எடுத்துனு போறேன்னு சொன்னேன். அவங்களே வந்து கட்டித் தரேன்னாங்க, நீங்க உள்ள போங்க, அவரு தனியா கீறாருன்னு அனுப்பிட்டு, கேன்டீனுக்குப் பின்னாடி பாத்திரம் கழுவற எடம் கீதில்ல, அங்க போயி கொட்டுனேன். தொட்டியில கெடந்து ஐஸு பளபளன்னு மின்னுது. கட்டி கட்டியா. ஒரு பூனை வந்து மோந்து பாத்துட்டு போச்சி. எறா வாசன இருந்திருக்கும்.

வெறும் கவர மடிச்சி பையில வச்சினு வந்துட்டேன். இதோ கீது பாருங்க. திரும்பிப் போனா கவரு எங்கன்னு கேப்பாங்க. நல்ல கவரு, தூக்கிப் போட மாட்டாங்க.

நர்ஸம்மா தான் ஒழுங்கா சொல்லி அனுப்பிச்சிது இந்த தடவ. ஐஸும் வாணாம், சூடும் வாணாம், குலுக்கக் கூடாது, வெயில்ல வைக்கக் கூடாது. நமக்கு எப்பிடி இருந்தா சொகமா இருக்குமோ அப்பிடி வச்சிக்கம்மா, இன்னிக்குள்ள கொண்டு போயி சேத்துடுன்னு. சுத்தி பஞ்சு, அதுக்கு மேல ஸ்நேகாவோட பழைய பாவாட. எம்பொண்ணு, எல்.கே.ஜி. படிக்குது. பக்கத்தூட்டு மெர்சியக்காகிட்ட உட்டுட்டு வந்து கீறேன். பை குடுக்க மாட்டேன்னு ஒரே ரகள காலையில. அப்பாவோட சாமான் வைக்கறதுக்குடின்னதும் அதுவே பூனை மூஞ்சிய தொடச்சி குடுத்துச்சி.

அதுங்கிட்ட இன்னா சொல்றது? அப்பா ஒடம்புல ரத்தம் ரிப்பேரு, சர்வீஸுக்கு எடுத்துனு போறேன்னு சொன்னேன். வண்டி மாதிரியான்னு கேட்டுச்சி. ஆமா, வண்டி மாதிரின்னேன். ஆயிலு மாத்திட்டு வந்துடுமான்னுச்சி.

எண்ணூரா இது? மூக்கே சொல்லுதே. எங்க ஊரு புகைக்கு இது அக்கா தங்கச்சி. புகையால தான் வந்துச்சான்னும் கேக்கறாங்கக்கா. மில்லாலயா, தண்ணியாலயா, நாங்க துன்ன எறாவாலயான்னு ஆளாளுக்கு ஒண்ணு. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இதால தான் வந்துச்சின்னு ஒரு ஆள வச்சி யாராலயும் சொல்ல முடியாதுன்னு சொல்லிடுச்சி. எனக்கு அது புடிச்சிருந்துச்சி. தெரியாதத தெரியாதுன்னு சொல்லிச்சி பாருங்க.

அவருக்கு எறா தொக்குன்னா அவ்ளோ பைத்தியம். கண்ணாலம் ஆன புதுசுல எனக்கு உரிக்கவே தெரியாது. நாங்க பள்ளிப்பட்டு பக்கம், கடலுக்கும் எங்களுக்கும் இன்னா சம்மந்தம்? கருவாடு தான் நாங்க பாத்த கடலு. இவரு தான் குந்தி சொல்லித் தந்தாரு, தலைய கிள்ளு, முதுகுல இருக்கற நரம்ப இழு, அவ்ளோ தான்னு. அத்தைக்கு சிரிப்பு. டேய், பொண்டாட்டிக்கு எறா உரிக்கறான் பாரு எம்புள்ளன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சாங்க. வெக்கமே கெடையாது அந்தாளுக்கு. காரம் தூக்கலா இருக்கணும், கொத்தமல்லி கூடாது. கொத்தமல்லிய ஒண்ணொண்ணா பொறுக்கி தட்டு ஓரமா வைப்பாரு. வச்சாரு. நேத்திக்கு கூட கஞ்சியில இருந்து பொறுக்கி வச்சாரு.

நின்னுடுச்சா? எங்க இது, கொருக்குப்பேட்டைக்கு முன்னாடியா? எப்பவும் இங்க தான் நிறுத்துவான். சிக்னலு கெடைக்காது. பரவால்ல. லேபு சாயந்திரம் வரைக்கும் வாங்குவாங்க. சென்ட்ரல்ல எறங்கி ஆட்டோ புடிச்சா கீழ்ப்பாக்கம் எவ்ளோ நேரம்? அவ்ளோ தானா. அப்ப நேரம் கீது.

பாருங்க, எதிர்ல ஒரு வண்டி வருது. கும்மிடிப்பூண்டி வண்டி. காலியா கீது இந்த நேரத்துல. இது நாலாவது. மீஞ்சூர்ல ஒண்ணு பாத்தேன், அத்திப்பட்டுல ஒண்ணு, திருவொத்தியூர்ல ஒண்ணு. எறங்கி அந்தப் பக்கம் போயி ஏறிக்கினா போதும். இட்டுனு போயிடும். சும்மா தான் சொன்னேன்.

இல்லக்கா, மயக்கம்லாம் இல்ல. நான் அப்பிடியே தான் கீறேன். கையா? சில்லுனு கீதா? காலையிலேர்ந்து அப்பிடி தான் கீது. ஐஸ கொட்டுனேன் இல்ல, அது தான் இருக்கும். தண்ணி வேணா ஒரு வா குடுங்க. போதும்.

கெளம்பிடுச்சி. பேசின் பிரிட்ஜ் வந்துட்டா அப்பால சென்ட்ரல் தானே. நீங்க எங்க எறங்கணும்? பேசின் பிரிட்ஜ்லயா. சரி சரி. நல்லா பேசிக்கினே வந்தீங்க. நானே பேசிக்கினு வந்தேனா? ஆமா. எங்கூட்ல எல்லாரும் அது தான் சொல்லுவாங்க, ஜெனிக்கு வாய்ல மோட்டரு வச்சி கீதுன்னு.

எடுக்க சொல்றீங்க. தெரியுங்கா, உங்களுக்கு என் மேல ஒரு பாசம். ஆஸ்பத்திரியிலேர்ந்தா இருக்கும், எடும்மா, அவருக்கு இன்னா ஏதுன்னு கேளுங்கறீங்க.

கேட்டேங்கா. மொத போனுலயே கேட்டேன். நீங்க ஏறறதுக்கு முன்னாடி, கவரப்பேட்ட தாண்டும் போது. தலையில ரத்தம் கசிஞ்சிடுச்சாம். அண்ணி, அண்ணன் போயிட்டாருன்னான் ஸ்டீவன். வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, திரும்ப சொல்லுன்னேன். திரும்ப சொன்னான். டிரெயின்ல கீறேன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

அப்பாலேர்ந்து வா வான்னு சொல்றதுக்கு தான் அடிச்சிக்கினே கீறான்.

எழுந்துக்காதீங்கக்கா. குந்துங்க. கைய புடிக்காதீங்க, பை குலுங்குது. அழுகைலாம் வரல எனக்கு. ஏன் வரலன்னு நானும் பாத்துக்கினே தான் வரேன். பொன்னேரியில எறங்கலாம்னு எழுந்தேன். நீங்க ஏறுனீங்க. பைய மேல வைக்கட்டுமான்னு கேட்டீங்க. இல்ல, மடியிலயே கெடக்கட்டும்னு சொல்லி குந்திட்டேன்.

எதுக்கு எடுத்துனு போறேன்னு கேக்கறீங்க. மருந்து யாருக்குன்னு. வாஸ்தவம் தான். அத்தை இன்னும் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு அழுவாங்க, நாளைக்கு அழுவாங்க. எட்டு, பதினாறு எல்லாம் ஆன அப்பால ஒரு நாளு குந்தி யோசிப்பாங்க. அந்த மிஷினு ரிப்பேரு ஆவாம இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானாடின்னு என்னிய கேப்பாங்க. நான் இல்லத்தன்னு சொல்லணும். இன்னா பேப்பரு வந்தாலும் இல்லன்னு தான் சொல்லப் போறேன், அவரு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆனா அந்த ரெட்டையில எதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல. மெய்யா சொல்றேனா, பொய்யா சொல்றேனான்னு எனக்கு ஒருத்திக்காவது தெரியணும். தெரியாம எப்பிடி காலம் பூரா அந்த மூஞ்சிய பாத்து சொல்றது?

வண்டி நிக்கப் போவுது, உங்க கூடைய எடுத்துக்கங்க. கூட வரீங்களா? வாணாங்கா, உங்களுக்கு வேல கீது. வரதுன்னா வாங்க. ஆனா மெதுவா வாங்க, என்னிய இடிக்காம. நர்ஸம்மா சொல்லி அனுப்பிச்சிது, இது உயிரோட போயி சேரணுமாம். தொட்டுப் பாக்கறீங்களா? பை மேல கைய வைங்க. சில்லுனும் இல்ல, சூடும் இல்ல, பாருங்க. அவருல இப்ப உயிரோட கீறது இது ஒண்டி தான். சாயந்திரம் வரைக்கும் இருக்குமாம்.